பத்து வெள்ளி தந்தவர்தான் முதல் ரசிகர்

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு தமிழ்க் குறும்படமோ இசைத்தொகுப்போ கவிதை நூலோ வெளிவருவதற்கு முன்பே, அதற்கு நிதி கேட்கும் செய்தி நம் புலனக் குழுக்களுக்கு வந்துவிடுகிறது. ஒரு வங்கிக் கணக்கு எண், ஒரு கியூஆர் குறியீடு, "இயன்றதைத் தாருங்கள்" என்று ஒரு வரி. அதே குழுவில் மருத்துவச் செலவுக்கான வேண்டுகோளும் கோயில் திருப்பணி வசூலும் வரிசையில் நிற்கின்றன. பலர் பார்த்துவிட்டுக் கடந்துபோகிறார்கள். "நம்மவர்கள் நம் கலைக்குக் கைகொடுப்பதில்லை" என்று கலைஞர்கள் மனம் வெதும்புகிறார்கள்.

இந்தக் குறை முழுக்கச் சரிதானா? நம் சொந்த வரலாறே அதை மறுக்கிறது.

ஆளுக்கு ஒரு வெள்ளி

1950களில், அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை தொடங்கும் பேச்சு எழுந்தது. அங்கே எந்த மொழிக்கு முதலிடம், தமிழுக்கா சமஸ்கிருதத்துக்கா என்ற வாதமும் கூடவே கிளம்பியது. 'தமிழ் முரசு' நாளிதழை நடத்திய கோ. சாரங்கபாணி தமிழுக்காக மக்களைத் திரட்டினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி தொடங்கி, ஆளுக்கு ஒரு வெள்ளி கேட்டார். வணிகர்களோடு தோட்டப் பாட்டாளிகளும் கொடுத்தார்கள். 1956இல் துறை தொடங்கியது. துறையின் தமிழ் நூல்களுக்கு அந்த நிதி உதவியது. இன்று கோலாலம்பூரில் உள்ள மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் வேரில் அந்த ஒரு வெள்ளிகளும் இருக்கின்றன.

சில ஆண்டுகள் கழித்து, 1960இல், துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோதும் இதே மக்கள்தான் தங்கள் சம்பளத்திலிருந்து சிறுகச் சிறுகச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கினார்கள். அது கலைக்கான நிதி அல்ல. ஆனாலும் காரணமும் கணக்கும் தெளிவாக இருந்தால் நம்மவர்கள் கொடுப்பார்கள் என்பதற்கு அதுவும் சாட்சி.

இரண்டு ரூபாய்ப் படம், 51 லட்ச ரூபாய்ப் படம்

திரைத்துறையில் இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு ஷியாம் பெனகல் இயக்கிய 'மந்தன்' (1976). குஜராத்தின் பால் கூட்டுறவுச் சங்கங்களைச் சேர்ந்த 5 லட்சம் விவசாயிகள் தலைக்கு 2 ரூபாய் தந்ததில் சேர்ந்தது 10 லட்சம் ரூபாய். படம் வந்ததும், "இது நாங்கள் எடுத்த படம்" என்று கிராமத்து மக்கள் லாரிகளில் ஏறி வந்து பார்த்தார்கள். அது தேசிய விருது பெற்றது. 2024இல் புதுப்பிக்கப்பட்ட பிரதி கான் விழாவிலும் திரையிடப்பட்டது.

இணையக் காலத்துக்கு வந்தால், கன்னட இயக்குநர் பவன் குமாரின் 'லூசியா' (2013). தயாரிப்பாளர் கிடைக்காத நிலையை அவர் இணையத்தில் வெளிப்படையாக எழுதினார். 27 நாளில் 110 பேர் சேர்ந்து 51 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். பின்னர் அந்தப் படம் 'எனக்குள் ஒருவன்' என்று தமிழிலும் வந்தது.

இரண்டும் கூட்டு நிதிதான் என்றாலும் வழி வேறு. முன்னதில் கூட்டம் பெரிது, தொகை சிறிது. பின்னதில் கூட்டம் சிறிது, தொகை பெரிது. இரண்டிலும் பொதுவானது ஒன்று: பணம் கொடுத்தவர் படத்தைத் தன்னுடையதாக நினைத்தார். பார்க்க வந்தார், நாலு பேரிடம் சொன்னார்.

ஒரு புரவலரா, 500 பேரா?

நம் கலைஞர்கள் கணக்குப் போட வேண்டிய இடம் இதுதான். ஒரு குறும்படத்துக்கு 10,000 வெள்ளி தேவை என்று வைத்துக்கொள்வோம். ஒரே புரவலர் அதைக் கொடுத்துவிடலாம். 500 பேர் ஆளுக்கு 20 வெள்ளியும் கொடுக்கலாம். தொகை ஒன்றுதான், விளைவு ஒன்றல்ல. வெளியீட்டு நாளில் புரவலருக்கு மாலையும் முன்வரிசை நாற்காலியும் போதும். அந்த 500 பேரோ குடும்பத்தோடு வருவார்கள், நண்பர்களையும் இழுத்து வருவார்கள்.

இந்நாட்டில் இந்தியர்கள் ஏறக்குறைய 20 லட்சம் பேர். நம் திரையரங்குகளில் தமிழ்நாட்டு நட்சத்திரப் படங்களோடு மோத வேண்டிய உள்ளூர்ப் படத்தின் தலைவிதி முதல் சில நாள்களிலேயே தெரிந்துவிடுகிறது. தரம் நம்மிடம் இல்லாமல் இல்லை. சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்', 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்பட விருதையே வென்றது. குறைவது, படம் வரும் முன்பே அதற்காகக் காத்திருக்கும் கூட்டம். நிதி திரட்டும் மாதங்களில் அந்தக் கூட்டத்தை உருவாக்கிக்கொள்ள முடியும்.

ஆனால் பலர் இங்கேதான் தவறவிடுகிறார்கள். பணம் வந்ததும் பேச்சு நின்றுவிடுகிறது. படப்பிடிப்பு தள்ளிப்போனால் சொல்வதில்லை. அச்சகத்தில் தாமதமானால் சொல்வதில்லை. ஆறு மாதம் கழித்து "நுழைவுச்சீட்டு வாங்குங்கள்" என்று மட்டும் செய்தி வருகிறது. கொடுத்தவருக்குத் தான் ஏமாந்ததாகத் தோன்றுவதில் வியப்பில்லை. வேலை நின்றுபோனாலும் அதைச் சொல்லி, செலவானது போக மீதி எவ்வளவு என்று காட்டினால் அவர் மறுமுறையும் கொடுப்பார்.

சட்டம் என்ன சொல்கிறது?

கூட்டாகப் பணம் போடுவது நமக்குப் புதிதல்ல. கூட்டுப் பிடிப்பதைத் தொழிலாக நடத்துவதைத் தடுக்கும் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலேயே 'கூட்டு' என்ற சொல் இருக்கிறது. நம்பிக்கையின் பேரில் பணம் போட்டுச் சிக்கிக்கொண்ட கதைகளும் நம் குடும்பங்களில் உண்டு.

ஆகவே மூன்று வகையைப் பிரித்துப் பார்ப்பது நல்லது. திரும்பி எதுவும் கேட்காமல் கொடுப்பது நன்கொடை. நூலோ நுழைவுச்சீட்டோ கிடைக்கும் என்று கொடுப்பது முன்பதிவு. லாபத்தில் பங்கு தருகிறோம் என்றால் அது முதலீடு. பொதுமக்களிடம் இணையம் வழி பங்கு முதலீடு திரட்டும் தளங்கள் பங்குச் சந்தைகளை மேற்பார்வையிடும் செக்யூரிட்டீஸ் ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். 2015இல் பிட்ச்இன் உள்பட ஆறு தளங்களுக்கு முதலில் அனுமதி கிடைத்தது. புலனத்தில் "படத்தில் முதலீடு செய்யுங்கள், இரட்டிப்பாகும்" என்று வரும் செய்தி இதில் சேராது.

பிரிக்பீல்ட்ஸ் லிட்டில் இந்தியாவிலோ கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ உண்டியல் ஏந்தி நின்றாலும், தோட்டத்தில் வீடு வீடாகப் போனாலும், 1947ஆம் ஆண்டின் வசூல் சட்டப்படி காவல்துறை அனுமதி தேவை.

கொடுப்பவர் கேட்க வேண்டியவை

அடுத்த முறை ஒரு வேண்டுகோள் வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். மொத்தத் தேவை எவ்வளவு, எதற்கு எவ்வளவு? இலக்கை எட்டாவிட்டால் என் பணம் என்னாகும்? கணக்கை எப்போது, எங்கே வெளியிடுவீர்கள்? பதில் தெளிவாக இருந்தால் 20 வெள்ளியைத் தயங்காமல் கொடுக்கலாம்.

கலைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கொடுத்தவர்களின் பட்டியலைப் பத்திரமாக வைத்திருங்கள். மாதம் ஒருமுறை ஒரு புகைப்படம், நாலு வரி எழுதி அனுப்புங்கள். வேலை முடிந்ததும், கையிருப்பு பத்து காசு என்றாலும், வரவு செலவை அவர்களுக்குக் காட்டுங்கள். உங்கள் இரண்டாவது படத்துக்கு நீங்கள் முதலில் போய்க் கேட்கப்போவது அந்தப் பட்டியலில் உள்ளவர்களிடம்தான்.