அலாரம் அடித்த ஆசாமி

அணுமின் நிலையத்தில் வேலை முடிந்து வெளியே வரும்போது வாசல் மாதிரி ஒரு கருவியைக் கடக்க வேண்டும். உடம்பில் கதிரியக்கம் ஒட்டியிருந்தால் அலறிக் காட்டிக்கொடுத்துவிடும்.

1984 டிசம்பர். அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்து லிமெரிக் அணுமின் நிலையம். ஸ்டான்லி வாட்ரஸ் என்ற என்ஜினீயரைக் கண்டாலே கருவி அலறியது. இத்தனைக்கும் உலை இன்னும் மின்சாரமே தயாரிக்க ஆரம்பிக்கவில்லை! ஒருநாள் மனுஷர் உள்ளே நுழைந்த கையோடு, எந்த வேலையையும் தொடாமல், நேரே கருவியில் போய் நின்றார். அப்போதும் அலறல். ஆக, சமாசாரம் ஆலையிலிருந்து வீட்டுக்குப் போகவில்லை. வீட்டிலிருந்து ஆலைக்கு வந்துகொண்டிருந்தது.

வீட்டை அளந்தார்கள். காற்றில் லிட்டருக்கு 2,700 பிக்கோகியூரி ரேடான். '4 வந்தாலே வீட்டைச் சரிபண்ணு' என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு. குடும்பமே பெட்டி படுக்கையோடு கிளம்பியது.

யார் இந்த ரேடான்? மண்ணிலும் பாறையிலும் உள்ள யுரேனியம் படிப்படியாகச் சிதைந்து ரேடியமாகி, அதற்குப் பிறக்கிற வாயு. நிறமில்லை, வாசனையில்லை. தரை விரிசல் வழியே சொல்லாமல் கொள்ளாமல் நுழையும். குளிருக்காக ஜன்னல் சாத்திய வீடென்றால் வாடகை தராமல் தங்கிவிடும். மூச்சோடு போனால், அது பெற்ற பொலோனியம் நுரையீரலில் ஒட்டிக்கொண்டு ஆல்ஃபா துகள்களால் செல்களைச் சுடும். பலன், பல வருஷம் கழித்துப் புற்றுநோய். அமெரிக்காவில் இதனால் வருஷத்துக்குச் சுமார் 21,000 பேர் சாவதாக அதே அமைப்பு மதிப்பிடுகிறது.

நுரையீரல் புற்றுநோய்க்கு முதல் காரணம் சிகரெட். இரண்டும் கூட்டுச் சேர்ந்தால்? ரேடானால் வரும் ஆபத்து, புகைக்காதவரைவிடப் புகைப்பவருக்கு 25 மடங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம். 'நான் டீயோட ஒண்ணே ஒண்ணுதான் சார்' என்கிற ஆபீஸ் நண்பர்கள் கவனிக்க.

எனக்குப் பிடித்தது இதன் வைத்தியம்தான். தரைக்கடியில் ஒரு குழாய், அது கூரைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், நடுவில் ஒரு ஃபேன். பெரும்பாலான வீடுகளுக்கு இது போதும். வாட்ரஸ் வீட்டில் வேலை கூடுதல். ஆனாலும் சில மாதங்களில் சரிசெய்து, அதே வீட்டுக்குத் திரும்பினார்கள்.

அமெரிக்காவில் வீடு வாங்கப்போகும் அண்ணனோ மச்சானோ உங்களுக்கு இருந்தால் ஒரு போன் போடுங்கள். கார்ப்பெட் கலரைப் பார்க்குமுன் ரேடானை அளக்கச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக் கணக்கு இங்கே செல்லாது. வீட்டுக்கு வீடு மாறும். அளந்தால்தான் தெரியும்.

எல்லா வீட்டிலும் அணுமின் நிலையத்துக்கு வேலைக்குப் போகிறவர் இருக்கமாட்டாரே!