பொதுக் கிணற்றுக்குத் தூர் வாருவது யார்?

கிணறு வெட்டியவர் பெயரைக் கல்லில் பொறிப்பது உலக வழக்கம். ஆண்டுதோறும் அதில் இறங்கித் தூர் வாருகிறவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. விஞ்ஞான உலகிலும் இதே கதைதான்.

மனிதனின் பரம்பரைச் சாசனமாகிய டி.என்.ஏ. சுமார் 300 கோடி எழுத்துக்கள் கொண்டது. அதை எழுத்தெழுத்தாகப் படித்துத் தள்ளும் யந்திரங்கள் இன்று ஏராளம். படித்ததற்குப் பொருள் காண்பதுதான் கஷ்டம். அதற்குக் கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதும் வித்தை தெரியவேண்டும். ஆயுள் முழுவதும் செடியையும் பூச்சியையும் ஆராய்ந்த உயிர்நூல் நிபுணர்கள் இந்த இடத்தில் பிறர் கையை எதிர்பார்த்து நின்றார்கள்.

அக்குறையைப் போக்க அமெரிக்காவில் பென்சில்வேனியா ஸ்டேட் சர்வகலாசாலையில் ஆன்டன் நெக்ருடென்கோ, ஜேம்ஸ் டெய்லர் முதலியோர் 'காலக்ஸி' என்ற பொது மேடையை அமைத்து, 2005-ல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார்கள். ஆராய்ச்சியாளர் தம் மேஜையில் இருந்தபடியே இன்டர்நெட் மூலம் விவரங்களை அனுப்பி, வேண்டிய கருவியைத் தேர்ந்தெடுத்தால் போதும். எங்கோ இருக்கும் பெரிய கம்ப்யூட்டர்கள் கணக்கிட்டுத் தந்துவிடும். கட்டணம் கிடையாது. ஜெர்மனியில் பிரைபர்க் சர்வகலாசாலையும் இத்தகைய மேடையை நடத்துகிறது.

இதனால் உழைப்பு மிச்சம் என்பது உண்மையே. ஆனால் அதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. எந்தக் கருவி, எந்த அளவு, எந்த வரிசை என்று ஒவ்வொரு படியும் தானாகவே பதிவாகிவிடுகிறது. அது ஏன் அவசியம்? 'செப்ட்2' என்ற ஜீனின் பெயரை எக்ஸெல் கணக்குத்தாள் செப்டம்பர் 2 என்று தேதியாக மாற்றிவிடும்! ஜீன் பட்டியல்களை அத்தாளில் இணைத்து வெளியிட்ட கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இத்தகைய பிழை இருந்ததாக 2016-ல் தெரிய வந்தது. கடைசியில் 2020-ல் ஜீன்களின் பெயர்களையே மாற்ற வேண்டியதாயிற்று. பதிவேடு பிழையைத் தடுத்துவிடாது. பிழை எங்கே புகுந்தது என்பதைக் காட்டிக் கொடுக்கும்.

பொத்தானை அழுத்துகிறவரெல்லாம் விஞ்ஞானியாகிவிடுவாரா என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அவர் தவறாக அழுத்தியதைக் கண்டுபிடிக்கவும் அதே பதிவேடுதானே வேண்டும்?

டெய்லர் 2020 ஏப்ரலில் இளம் வயதிலேயே காலமானார். மேடை நின்றுவிடவில்லை. பலர் கூடி இழுத்த தேர் அது. எனினும், ஆராய்ச்சி மானியங்கள் சில ஆண்டுகளுக்கே கிடைக்கின்றன. அவையும் பெரும்பாலும் புதுமையைத் தேடியே போகின்றன. பழைய கருவியைப் பழுது பார்ப்பவருக்குப் பட்டமும் இல்லை, பதவி உயர்வும் இல்லை.

புத்தகசாலைக்கு ஆண்டுதோறும் பணம் ஒதுக்கும்போது, அதனால் என்ன கண்டுபிடித்தீர்கள் என்று எந்தச் சர்வகலாசாலையும் கேட்பதில்லை. பொது மேடைகளுக்கும் அதே போல நிரந்தர நிதியும், அவற்றைப் பராமரிப்போருக்கு நிரந்தர உத்தியோகமும் வேண்டும். தூர் வாராத கிணறு ஒரே நாளில் வற்றிவிடாது. வற்றிய பிறகு விழித்துக்கொள்வதில் பயனும் இராது.