குரங்கின் மொழியும் மனிதனின் செவியும்

விலங்கினத்தோடு உரையாட வேண்டுமென்ற ஆசை மனிதனுக்குப் புதியதன்று. அனுமனைச் சொல்லின் செல்வனாகக் கண்ட மரபினர் நாம். ஆயினும், அவ்வாசையை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுசென்று பொறிகளின் துணையோடு சோதித்துப் பார்த்தது இருபதாம் நூற்றாண்டேயாகும். அச்சோதனைகளுக்கும் தென்மராட்சித் தோட்டங்களுக்கும் தொடர்பு உண்டென்பது எமது துணிபு.

சிம்பன்சிக்கு வாய்ப்பேச்சுக் கற்பிக்க முயன்றோர் முதலில் தோல்வியே கண்டனர். விக்கி என்னும் சிம்பன்சியைப் பிள்ளைபோல் வீட்டில் வளர்த்தும், ஆண்டுகள் பல கழிந்தபின் மூன்று நான்கு சொற்களையே அது முனகிற்று. எனவே, 1966இல் கார்ட்னர் தம்பதியர் வாஷோ என்ற சிம்பன்சிக்குச் செவிப்புலனற்றோரின் கைச்சைகை மொழியைக் கற்பிக்கத் தொடங்கினர். பின்னர் 1970களில் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் கணினியே ஆசிரியராயிற்று. லானா என்ற சிம்பன்சி, குறியீடுகள் பொறித்த விசைகளை முறைப்படி அழுத்தி உணவும் இசையும் கேட்டுப் பெற்றது. காலத்தால் பிற்பட்ட கான்சி என்னும் பொனோபோவோ, வளர்ப்புத் தாய்க்கு நடந்த பாடத்தை அருகிருந்து பார்த்தே குறியீடுகளைக் கற்றுக்கொண்டது. 1993இல் வெளியான ஆய்வில், அறுநூற்றுக்கு மேற்பட்ட புதிய ஏவல்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபத்திரண்டை அது சரிவர நிறைவேற்றியதாகக் காண்கிறோம். 2025 மார்ச்சில், தனது 44ஆம் வயதில், கான்சி இறந்தது.

இவையெல்லாம் வியக்கத்தக்கனவே. எனினும், நிம் என்ற சிம்பன்சியைப் பயிற்றிய டெரஸ் என்னும் உளவியலாளர், தம் ஒளிப்பதிவுகளைத் தாமே மீளப் பார்த்தபோது, அது பெரும்பாலும் ஆசிரியரின் கையசைவையே பின்பற்றியதென்று கண்டு, 1979இல் அதனை வெளிப்படையாக எழுதினார். தம் நம்பிக்கைக்கு மாறான முடிவைத் தாமே வெளியிடும் அந்நேர்மை எம் மாணவர்க்குப் பாடமாதல் தகும்.

குரங்குக்கு எம்மொழியைக் கற்பிப்பதினும், குரங்கின் மொழியை நாம் கற்பதே முறையெனக் கருதுகிறோம். கென்யாவின் அம்போசெலியில் வெர்வெட் குரங்குகளின் எச்சரிக்கை ஒலிகளைப் பதிவுசெய்து ஒலிபெருக்கியில் ஒலிக்கச் செய்தனர். முடிவு 1980இல் வெளியாயிற்று. சிறுத்தைக்குரிய ஒலி கேட்டவை மரமேறின. கழுகுக்குரியது கேட்டவை வானை நோக்கின. பாம்புக்குரியது கேட்டவை நிலத்தைத் துழாவின. அவ்வளவு தூரம் போவானேன்? நம் இலங்கையின் பொலன்னறுவையில் 1968 முதல் செங்குரங்குகளை ஆராய்ந்துவந்த டிட்டஸ் என்பார், மிகுதியான உணவைக் கண்ட குரங்கு அதற்கெனவே ஓர் ஒலியெழுப்பித் தன் கூட்டத்தை அழைக்கும் என்று 1984இல் எழுதினார்.

நாம் இங்கு செய்தது யாது? 2023இல் இலட்சம் செங்குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் யோசனை எழுந்தது. எதிர்ப்பும் வழக்கும் வந்தபின் அஃது அவ்வாண்டே கைவிடப்பட்டது. 2025 பெப்ரவரியில் நாடு முழுவதும் மின்சாரம் நின்றபோது, பாணந்துறை மின் நிலையத்திற் புகுந்த குரங்கே காரணமென்றார் அமைச்சர். அடுத்த மாதம் 15ஆம் திகதி காலை எட்டு மணிக்கு, ஐந்து நிமிடத்துள், நாடெங்கும் குரங்கும் மயிலும் எண்ணப்பட்டன. ஐந்து நிமிடம்! ஒரு குலை இளநீரைக் குடித்து முடிக்கக் குரங்குக்கே அதனினும் கூடிய நேரம் வேண்டும்.

கொடிகாமத்துத் தென்னையும் மாவும் பலாவும் குரங்கால் சேதமுறும்போது, அத்தோட்டமே சீவனமாக உள்ளவனிடம் உயிரிரக்கம் போதித்தல் தகாது. அவனுக்குப் பயன்படும் அறிவு வேண்டும். வெடியோசைக்குக் குரங்கு விரைவில் பழகிவிடும். எச்சரிக்கை ஒலியைப் பொறியில் ஒலித்தால் ஓடிவிடுமே என்பர் சிலர். அதுவும் நெடுநாட் செல்லாது. ஒரே குரங்கின் குரலைப் பொய்யாகப் பலமுறை ஒலித்தபோது, வெர்வெட்டுகள் அக்குரங்கை நம்பாதொழிந்தன என்பதையும் அதே ஆய்வாளர் கண்டுள்ளனர்.

ஆகவே, வெருட்டும் பொறியினும் கேட்கும் பொறியே முதலில் வேண்டியது. கூட்டம் எப்போது எத்திசையிலிருந்து வருகிறது, எக்குரலுக்குப்பின் தோப்பில் இறங்குகிறது என்பதை அறிந்தவனுக்குக் காவல் எளிதாகும். இன்று மாணவர் கையிலுள்ள தொலைபேசியே ஒலிப்பதிவுக் கருவி. நமது கல்லூரியின் விலங்கியல் வகுப்பு, ஓராண்டேனும் ஒரு கூட்டத்தைப் பின்தொடர்ந்து, நாளும் நேரமும் குறித்து, குரல்களைத் தொகுக்கட்டும். அதற்கு வேண்டிய பணமும் பெருந்தொகையன்று. யூபிலி நிதியில் ஒரு சிறு பங்கை இதற்கென ஒதுக்குமாறு பழைய மாணவர் சங்கத்தைக் கேட்டுக்கொள்கிறோம்.