ஒரு கிட்டார், ரெண்டு பிக்கப்: ஏற்காட்டு மேடையில் மரத்தின் ஒலி கேட்க என்ன வழி?

மே மாதம் வந்துவிட்டால் ஏற்காட்டில் கோடை விழா. அண்ணா பூங்காவில் மலர்க் கண்காட்சி, மேடையில் கலை நிகழ்ச்சிகள் என ஊரே களைகட்டும். டிசம்பரில் தேவாலயங்களில் கிறிஸ்துமஸ் பாடல்கள். இடையில் பள்ளி ஆண்டு விழாக்கள், ரிசார்ட்களில் கேம்ப் ஃபயர் கச்சேரிகள். 1917-ல் தொடங்கப்பட்ட மான்ட்ஃபோர்ட் மாதிரியான பழைய உறைவிடப் பள்ளிகள் இருக்கும் மலை இது. தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடக்கூடிய அக்கவுஸ்டிக் கிட்டாருக்கு இங்கே எப்போதும் வேலை உண்டு.

ஆனால், ஹாஸ்டல் அறையில் தேனாக ஒலித்த அதே கிட்டார், மேடையில் ஒயரைச் சொருகியதும் பிளாஸ்டிக் டப்பாவைச் சுரண்டுவதுபோல் ஆகிவிடுகிறது. 'சவுண்டைக் கூட்டுங்க அண்ணா' என்றால், பாக்ஸ் ஊளையிடுகிறது. வாசிப்பவருக்குக் கிடைப்பதோ இரண்டு பாட்டு நேரம். மாதக்கணக்கில் பழகிய விரல்களை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால், கூட்டத்தின் காதில் விழுவது பாக்ஸ் சொல்வது மட்டும்தான். 'நல்ல கிட்டார் வாங்கணும்போல' என்று வீட்டில் பேச்சு தொடங்குவதும் இங்கேதான்.

பெரும்பாலும் கிட்டார் மேல் தப்பே இருக்காது. அதன் ஒலியை எடுத்துக்கொடுக்கும் பிக்கப்தான் பாதிக்கதையைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறது. மீதிக்கதையைச் சொல்ல இன்னொரு பிக்கப்பைச் சேர்க்கலாமா? சேர்க்கலாம். ஆனால், சேர்க்கும் விதம் தெரிந்திருக்க வேண்டும்.

கேஸ் லைட்டரும் கிட்டாரும்

சமையலறையில் 'டிக்' என்று அழுத்தினால் பொறி கிளப்பும் கேஸ் லைட்டர் தெரியும்தானே? உள்ளே ஒரு படிகம் இருக்கிறது. அதை அழுத்தினால் மின்சாரம் வரும். 1880-ல் பியர் கியூரியும் அவர் அண்ணன் ழாக் கியூரியும் கண்டுபிடித்த பீஸோ விளைவு இது. கிட்டாரில் தந்திகள் உட்காரும் வெள்ளைப் பட்டைக்குப் பெயர் சேடில். அதன் அடியில் இதே தத்துவத்தில் வேலை செய்யும் ஒரு மெல்லிய பட்டையை வைத்தால், தந்தியின் அதிர்வு மின்சாரமாகிவிடும். இந்த முறையை மேடைக்குக் கொண்டுவந்து பிரபலமாக்கியதில் அமெரிக்காவின் ஒவேஷன் கிட்டாருக்குப் பெரிய பங்கு உண்டு. அதை உருவாக்கிய சார்லஸ் காமன் அடிப்படையில் ஹெலிகாப்டர் தயாரித்தவர் என்பது சுவாரஸ்யம்.

இன்று கடையில் 'செமி அக்கவுஸ்டிக்' என்று சொல்லி விற்கும் பெரும்பாலான கிட்டார்களில் இருப்பது இந்த பீஸோதான். ஒவ்வொரு மீட்டலும் பளிச்சென்று கேட்கும். சுலபத்தில் ஊளையிடாது. ஆனால், சேடிலில் விழும் அழுத்தத்தை மட்டுமே கேட்பதால், மரப்பெட்டியின் கதகதப்பு வராது. பலமாக அடித்து வாசித்தால் 'க்வாக்' என்ற வாத்துக்குரல் எட்டிப்பார்க்கும்.

அடுத்தது மேக்னட்டிக் பிக்கப். சவுண்ட் ஹோலின் குறுக்கே மாட்டுவது. அக்கவுஸ்டிக் கிட்டாரில் வெளியிலிருந்து பொருத்தும் வகை 1930-களிலேயே வந்துவிட்டது. இது எஃகுத் தந்தியின் அசைவைக் காந்தத்தால் உணர்கிறது. பேஸ் கனமாக இருக்கும், ஊளைக்கு நன்றாகத் தாக்குப்பிடிக்கும். ஆனால், கொஞ்சம் எலெக்ட்ரிக் கிட்டார் சாயல் வந்துவிடும். நைலான் தந்தி போட்ட கிட்டாரில் இது வேலைக்கே ஆகாது.

மூன்றாவது, மரப்பலகையிலேயே ஒட்டும் கான்டாக்ட் பிக்கப். பெட்டியில் விரலால் தட்டும் சத்தம்கூட இதில் அழகாக வரும். நான்காவது, கிட்டாருக்குள் வைக்கும் குட்டி மைக். காற்றில் வரும் ஒலியைக் கேட்பதால் நம் காதுக்கு மிக நெருக்கம். ஆனால், பாக்ஸிலிருந்து வரும் சத்தத்தையும் அதே ஆசையோடு கேட்டுவிடும். ஊளையிடுவதில் முதலிடம் இதற்குத்தான்.

குழம்பும் தாளிப்பும்

நான்கில் எதுவும் முழுமையில்லை. அதனால்தான் ஜோடி சேர்க்கிறார்கள். ஃபிஷ்மேன் நிறுவனத்தின் 'ரேர் எர்த் பிளெண்ட்' மேக்னட்டிக் பிக்கப்போடு ஒரு குட்டி மைக்கைச் சேர்க்கிறது. எல்.ஆர். பேக்ஸ் நிறுவனத்தின் 'ஆன்தம்' சேடில் அடியில் இருக்கும் பிக்கப்போடு மைக்கைச் சேர்க்கிறது. இரண்டிலும் யோசனை ஒன்றுதான். ஊளையிடாத ஒன்று குழம்பு மாதிரி அடித்தளமாக நிற்கும். இயல்பான ஒலி தரும் மற்றொன்று தாளிப்பு மாதிரி மேலே மணக்கும்.

தாளிப்பைக் குழம்பளவு ஊற்றினால் என்ன ஆகும்? அதேதான் இங்கேயும். இரண்டையும் முழு அளவில் திறந்துவிட்டால் இரண்டின் குறைகளும் சேர்ந்தே வரும். கிட்டாரின் அடித்தந்தி அதிர்வது சுமார் 82 ஹெர்ட்ஸில். பெரிய கிட்டார் பெட்டி தானாக அதிரத் துடிப்பது 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில். அடித்தொண்டை ஊளை பெரும்பாலும் கிளம்புவது இந்த இடத்தில்தான். எனவே, மைக்கில் 200, 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். பேஸ் வேலையை பீஸோவோ மேக்னட்டிக்கோ பார்த்துக்கொள்ளட்டும். ஆளுக்கு ஒரு வேலை கொடுத்தால்தான் கூட்டுக்குடித்தனம் நடக்கும்.

சேர்த்தால் சத்தம் குறையுமா?

குறையும்! பலரும் தடுமாறும் இடம் இது. ஒரு பிக்கப்பின் அலை மேலே ஏறும் நேரத்தில் மற்றொன்றின் அலை கீழே இறங்கினால், ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பேஸ் காணாமல் போய்விடும். கிட்டார் தகர டப்பாபோல் கேட்கும். இதை 'ஃபேஸ்' பிரச்னை என்பார்கள். பிரீ ஆம்பிலோ மிக்சரிலோ வட்டத்தின் குறுக்கே கோடு போட்ட ஒரு பட்டன் இருந்தால், ஒரு பிக்கப்புக்கு மட்டும் அதை அழுத்திப் பாருங்கள். எந்த நிலையில் அடித்தந்தி கனமாகக் கேட்கிறதோ, அதுவே சரியான நிலை.

பட்டன் முழுவதையும் சரிசெய்துவிடாது. ஒலி காற்றில் 34 செ.மீ. போக ஆயிரத்தில் ஒரு விநாடி ஆகும். தந்தியிலிருந்து தள்ளியிருக்கும் மைக்குக்கு ஒலி ஒரு நூலிழை தாமதமாகத்தான் வரும். ஆகவே மைக்கை இரண்டு செ.மீ. அப்படி இப்படி நகர்த்திக் கேட்பது, எந்தப் பட்டனையும்விடப் பலன் தரும்.

இன்னொரு எச்சரிக்கை. பீஸோவையும் மேக்னட்டிக்கையும் நேரடியாக ஒரே ஒயரில் முடிந்துவிடாதீர்கள். பீஸோவுக்கு 1 மெகா ஓம் அளவுக்கு அதிக மின்தடையுள்ள உள்ளீடு தேவை. மேக்னட்டிக்கோடு சேர்த்துக் கட்டினால் பீஸோவின் குரல் அமுங்கிவிடும். இரண்டு சேனல் உள்ள பிரீ ஆம்ப் இருந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கொடுத்துப் பிறகு கலக்கலாம். இரண்டு சிக்னலையும் ஒரே ஸ்டீரியோ ஜாக் வழியே வெளியே அனுப்பும் கிட்டார்களும் உண்டு. அதில் சாதாரண மோனோ ஒயரைச் சொருகினால், இரண்டில் ஒன்று ஊமையாகிவிடும்.

சேலத்து வெயில், சேர்வராயன் பனி

மரம் காற்றின் ஈரத்தைக் குடிக்கும். சேலத்து வெயிலில் காய்ந்த கிட்டார், 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் மூடுபனியைச் சந்தித்து, அங்கேயே சில நாள் தங்கினால் மேல்பலகை லேசாக உப்பும். தந்தி உயரம் மாறும். சேடிலின் அழுத்தம் மாறினால், அடியிலுள்ள பிக்கப்பில் ஒரு தந்தி சத்தமாகவும் இன்னொன்று மெலிதாகவும் கேட்கும். பிக்கப் கெட்டுவிட்டது என்று அவசரப்பட வேண்டாம். கிட்டாருக்கு 45 முதல் 55 சதவிகித ஈரப்பதம்தான் தோது. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலமும் சின்ன ஈரப்பதமானியும் போட்டு வையுங்கள். மேடையேறுவதற்குச் சற்று முன்பே பெட்டியைத் திறந்து, அந்த இடத்துக் குளிருக்குப் பழகவிட்ட பிறகு சுருதி சேருங்கள். 9 வோல்ட் பேட்டரி ஒன்று எப்போதும் கூடுதலாக இருக்கட்டும்.

வாங்குவதற்கு முன்...

நம் ஊருக்கு இது புதிய தலைவலி அல்ல. வீணையில் கான்டாக்ட் மைக் ஒட்டலாமா, எதிரே வைக்கும் மைக் போதுமா என்ற வாதம் கச்சேரி ரசிகர்களிடம் இன்னும் ஓயவில்லை. மாண்டலின் யு.ஸ்ரீநிவாஸ் வேறு வழியில் போனார். ஐந்து தந்தி எலெக்ட்ரிக் மாண்டலினையே கர்னாடக மேடைக்குக் கொண்டுவந்து, அதற்கென்று ஒரு நாதத்தையும் உருவாக்கிக்கொண்டார். மரத்தின் ஒலியே வேண்டும் என்பவர்களுக்குத்தான் இந்த ஜோடி வித்தை.

அதையும் செலவில்லாமல் தொடங்கலாம். இருக்கும் பீஸோவில் டிரெபிளைக் கொஞ்சம் குறையுங்கள். பாக்ஸுக்கு நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். சவுண்ட் ஹோலுக்கு ரப்பர் மூடி ஒன்று போடுங்கள். தேவாலயம்போல் அமைதியான இடத்தில், கிட்டாருக்கு முன்னால் ஒரு சாதாரண மைக்கை வைத்து, அதை பீஸோவோடு கலந்து கேளுங்கள். இதுவே இரண்டு பிக்கப் சேர்ப்பதன் இலவச ஒத்திகை. அந்தக் கலவை பிடித்திருந்தால் மட்டும் இரண்டாவது பிக்கப்புக்குக் காசு செலவழியுங்கள். ஓட்டை போடாமல் சவுண்ட் ஹோலில் மாட்டும் வகையிலிருந்து தொடங்குவது நல்லது. கிட்டாரின் அடிமுனையில் ஜாக் பொருத்த 12 மி.மீ. அளவுக்குத் துளையிட வேண்டியிருக்கும். அதைக் கிட்டார் பழுது பார்ப்பவரிடம் மட்டும் விடுங்கள். வீட்டு டிரில்லிங் மெஷினோடு களத்தில் இறங்கினால் பலகை பிளந்துவிடலாம்.

நிகழ்ச்சியன்று அரைமணி நேரம் முன்னதாகப் போய் மைக்செட் அண்ணனிடம், "ரெண்டு லைன் வருதுண்ணே, முதல்ல இதை மட்டும் வைங்க, அப்புறம் அதைக் கொஞ்சமா சேர்த்துக்கலாம்" என்று சொல்லிப் பழகுங்கள். நண்பர் ஒருவரைக் கடைசி வரிசையில் நிற்கவைத்து, அங்கே எப்படிக் கேட்கிறது என்று சொல்லச் சொல்லுங்கள். அவர் கட்டைவிரலை உயர்த்திய பிறகு, குமிழ்களை யாரும் தொடவிடாதீர்கள்!