தாலி கட்டும்போது போட்டோக்காரர் எங்கே நின்றார்?

கெட்டிமேளம் முழங்குகிறது. நாலா பக்கமும் இருந்து அட்சதை விழுகிறது. மாப்பிள்ளை குனிந்து தாலியைக் கட்டுகிறார். முதல் முடிச்சு, இரண்டாவது முடிச்சு. மூன்றாவது முடிச்சை நாத்தனார் போட்டு விடுகிறாள். எல்லாம் அரை நிமிடம்தான்!

அந்த அரை நிமிடத்தில் போட்டோக்காரர் எங்கே நிற்கிறார்?

என் அக்காள் திருமணத்தில் அவர் வீடியோக்காரரின் முதுகுக்குப் பின்னால் நின்றார். நான்கு மாதம் கழித்து ஆல்பம் வந்தது. ஆசையோடு பிரித்தோம். தாலி கட்டும் படத்தில் தாலியும் இல்லை, அக்காளும் இல்லை. நீலச் சட்டை போட்ட ஒருவரின் தோள்பட்டை இருந்தது. அம்மா ஒன்றும் பேசவில்லை. ஆல்பத்தை மூடி பீரோவுக்குள் வைத்து விட்டாள்.

பிறகுதான் விசாரித்தோம். நாங்கள் பேசி முன்பணம் கொடுத்த ஆள் அன்று வரவே இல்லை. அதே முகூர்த்தத்தில் அவருக்கு வேறு ஒரு கல்யாணம். எங்கள் வீட்டுக்கு ஒரு பையனை அனுப்பி இருக்கிறார். பையன் மேல் குற்றம் இல்லை. அவனுக்கு அதுதான் இரண்டாவது கல்யாணமாம்!

சாம்பாரில் உப்பு அதிகம் என்றால் பந்தியோடு பேச்சு முடிந்து விடும். மேளம் சரியில்லை என்றால் யாருக்கும் நினைவு இருக்காது. படம் அப்படி அல்ல. எடுக்கத் தவறியதை மறுபடியும் எடுக்க முடியாது. ஆனாலும் நம் வீடுகளில் மண்டபத்தை ஆறு மாதம் முன்பு பேசுகிறோம். சமையல்காரரைப் பத்துப் பேரிடம் விசாரிக்கிறோம். போட்டோக்காரரை மட்டும், "தெரிந்த பையன் ஒருவன் இருக்கிறான்" என்று கடைசியில் பேசுகிறோம்.

முழுக் கல்யாணத்தைக் காட்டச் சொல்லுங்கள்

ஸ்டூடியோவுக்குப் போனால் அழகான ஆல்பம் ஒன்றை எடுத்துக் காட்டுவார்கள். செல்போனிலும் காட்டுவார்கள். கண்ணைப் பறிக்கும்! ஆனால் அது ஐம்பது கல்யாணத்தில் பொறுக்கி எடுத்த ஐம்பது படமாக இருக்கும். அதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். "ஒரே கல்யாணத்தில் எடுத்த படம் முழுவதையும் முதலில் இருந்து கடைசி வரை காட்டுங்கள்" என்று கேளுங்கள். வெளிச்சம் இல்லாத மண்டபத்தில் எப்படி எடுத்திருக்கிறார்? ஓமப் புகைக்கு நடுவே முகம் தெரிகிறதா? பந்தியில் சாப்பிடுகிறவர்களை, வாயில் சோற்றோடு எடுத்து வைத்திருக்கிறாரா? இதைப் பார்த்தால் ஆளின் கைத்திறன் தெரிந்து விடும்.

அந்தக் காலத்தில் பிலிம் சுருள். பெரிய சுருளில் பன்னிரண்டு படம், சின்னச் சுருளில் முப்பத்தாறு படம். ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் காசு. அதனால் போட்டோக்காரர் பார்த்துப் பார்த்து எடுத்தார். இப்போது டிஜிட்டல் கேமராவில் ஒரே நாளில் மூவாயிரம், நாலாயிரம் படம் எடுத்து விடுகிறார்கள். எண்ணிக்கையைக் கேட்டு மயங்க வேண்டாம். மூவாயிரம் படத்தில் தாலி கட்டும் படம் ஒன்று சரியாக இல்லை என்றால் மற்றவை எதற்கு?

"கேண்டிட்" என்று ஒன்று சொல்வார்கள். நமக்குத் தெரியாமலே, சிரிக்கும்போதும் கண் கலங்கும்போதும் எடுப்பது. மேடையில் வரிசையாக நிற்க வைத்து எடுப்பது பழைய முறை. இரண்டுக்கும் தனித்தனி ஆள், தனித்தனி கூலி. கையில் பணம் இருந்தால் இரண்டும் வையுங்கள். இல்லை என்றால், நாலு சுமாரான ஆட்களை விட, நல்ல ஆள் ஒருவர் போதும்.

மாநிறம் ஒரு குறையா?

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். ஆல்பத்தில் பெண்ணைப் பார்த்தால் சில வீடுகளில் அடையாளமே தெரியவில்லை! மாநிறமான பெண்ணைக் கம்ப்யூட்டரில் வைத்து வெள்ளைக்காரி ஆக்கி விடுகிறார்கள். கன்னத்து மச்சத்தைக் காணோம். மாமியாரின் முகத்துச் சுருக்கத்தைக் காணோம். முப்பது வருடம் கழித்துப் பேத்தி அந்தப் படத்தைப் பார்த்து, "இது யார் பாட்டி?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

ஸ்டூடியோக்காரர்கள் மேல் மட்டும் பழி போட முடியாது. "கொஞ்சம் கலராகப் போடுங்கள்" என்று நாமே கேட்கிறோம். கேட்பது தவறு. "முகத்தை மாற்றாதீர்கள், உள்ளபடி இருக்கட்டும்" என்று முதலிலேயே சொல்லி விடுங்கள். நல்ல போட்டோக்காரருக்கு அது சந்தோஷமாகவே இருக்கும். வெளிச்சத்தைச் சரியாக வைத்து எடுத்தால் கறுப்பு முகம் களையாக விழும் என்பது அவருக்குத் தெரியும்.

கல்யாணத்துக்கு முன்பே மலைக்கும் கடற்கரைக்கும் போய்ப் படம் எடுப்பது இப்போது வழக்கமாகி விட்டது. வசதி இருப்பவர்கள் போகட்டும். வட்டிக்கு வாங்கிப் போக வேண்டாம். "டிரோன்" பறக்க விடுகிறோம் என்றாலும் ஒன்று கேட்டுக் கொள்ளுங்கள். 2021-ம் ஆண்டு டிரோன் விதிகளின்படி விமான நிலையம் போன்ற இடங்களைச் சுற்றி அனுமதி இல்லாமல் பறக்க விடக் கூடாது. மண்டபம் அப்படிப்பட்ட இடத்தில் இருந்தால் அனுமதி வாங்குவது யார் பொறுப்பு?

வாய்ப் பேச்சு போதாது

எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். தேதி, மண்டபம், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, பெண் அழைப்பு சேர்ந்ததா இல்லையா, ஆல்பத்தில் எத்தனை பக்கம், எத்தனை நாளில் தருவார், முன்பணம் எவ்வளவு, மீதி எவ்வளவு. முக்கியமாக, எடுக்க வரப்போவது யார்? அவர் பெயரை எழுதுங்கள். எங்கள் வீட்டில் அந்த ஒரு வரி இல்லாமல் போயிற்று. ஆல்பம் கைக்கு வரும் வரை முழுப் பணத்தையும் கொடுத்து விடாதீர்கள்.

ஆல்பம் தாமதம் ஆவதற்கு நாமும் ஒரு காரணம். படங்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுங்கள் என்று ஸ்டூடியோவில் கேட்பார்கள். எங்கள் பக்கத்துப் படம் குறைவு, உங்கள் பக்கத்துப் படம் அதிகம் என்று சம்பந்திகள் ஆறு மாதம் இழுப்பார்கள். குழந்தை பிறந்த பிறகு கல்யாண ஆல்பம் வந்த வீடுகள் எனக்குத் தெரியும்!

படத்தின் உரிமை யாருக்கு? இது பலருக்குத் தெரியாது. 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்தின் உரிமை எடுக்கச் சொன்னவருக்கே என்கிறது. வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தால் மட்டும் மாறும். அதனால் பில்லுக்குப் பின்னால் பொடி எழுத்தில் என்ன அச்சடித்திருக்கிறது என்று படியுங்கள். படிக்கத் தெரியாதவர்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

எதற்குச் சொல்கிறேன் என்றால், சில ஸ்டூடியோக்கள் விளம்பரத்துக்காகக் கல்யாணப் படங்களை இன்ஸ்டாகிராமில் போட்டு விடுகின்றன. மணப்பெண் மட்டும் அல்ல, அலங்கார அறையில் தலை பின்னிக் கொண்டிருந்த தங்கையும் அதில் இருக்கிறாள். ஊரில் உள்ளவர்கள் எல்லாம் பார்க்கிறார்கள். "கேட்காமல் எந்தப் படத்தையும் வெளியே போடக் கூடாது" என்று அதே தாளில் ஒரு வரி எழுதுங்கள். எழுத மறுக்கும் ஸ்டூடியோ நமக்கு வேண்டாம்.

எடுத்த படம் அழிந்து போகாமல் இருக்க, இரண்டு மெமரி கார்டில் ஒரே நேரத்தில் பதியும் கேமரா உண்டா என்று கேளுங்கள். அன்றைக்கே வேறு இடத்திலும் நகல் வைக்கச் சொல்லுங்கள். நீங்களும் ஒரு பிரதியை உங்கள் வீட்டிலும் ஒரு பிரதியை சம்பந்தி வீட்டிலும் வையுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏமாற்றினால்? மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் யோசனை கேட்கலாம். அப்போது அந்தத் தாள்தான் உங்கள் சாட்சி. வழக்கு ஜெயித்தால் பணம் வரும். தாலி கட்டிய படம் வராது.

பாட்டியின் படம்

பல வீட்டுச் சுவர்களில் மாலையோடு தொங்கும் படங்களை உற்றுப் பாருங்கள். பாதிக்கு மேல் ஏதோ ஒரு கல்யாணப் படத்தில் இருந்து வெட்டி எடுத்தவையாக இருக்கும். பட்டுப் புடவை கட்டி, தலை வாரி, வயதானவர்கள் கேமராவுக்கு முன்னால் உட்காருவது அந்த ஒரு நாளில்தான்.

எங்கள் பாட்டி அக்காள் கல்யாணத்தில் முதல் வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். காலையில் இருந்து மத்தியானம் வரை அங்கேயே இருந்தார். மேடை ஏற முடியாது, மூட்டு வலி. ஆல்பம் முழுவதும் தேடினோம். ஒரு படத்தில் கூட அவர் இல்லை. அடுத்த வருடம் இறந்து போனார். ஆதார் அட்டையில் இருந்த படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டோம்.

வந்த பையனுக்குப் பாட்டி யார் என்று எப்படித் தெரியும்? யாராவது சொல்லி இருக்க வேண்டும். ஆகவே தாய்மாமனோ சித்தப்பாவோ ஒருவரைப் போட்டோக்காரர் பக்கத்திலேயே நிறுத்துங்கள். யார் யாரை எடுக்க வேண்டும் என்று முதல் நாள் இரவே ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள். மேடை ஏற முடியாதவர்களிடம் மணமக்களை அழைத்துப் போய், பக்கத்தில் நிற்க வைத்து எடுக்கச் சொல்லுங்கள். முகூர்த்தத்துக்கு முன்பே, கூட்டம் சேருவதற்குள், அந்த வேலையை முடித்து விடலாம்.

அதோடு போட்டோக்காரரையும் அவருடைய ஆட்களையும் காலையிலேயே பந்தியில் உட்கார வைத்து இரண்டு இட்லி சாப்பிட வையுங்கள். விடியற்காலை நாலு மணிக்கு வந்தவர்கள். மேடையில் பரிசு கொடுக்கும் வரிசை முடியும் வரை அவர்களால் நகர முடியாது. கடைசிப் பந்திக்குப் போகும்போது பல மண்டபங்களில் ரசம்தான் மிச்சம் இருக்கிறது.