அரை மணி

குற்றாலத்தில் எண்ணெய் தேய்க்கிறவர், "அரை மணியாவது ஆகும் சார்" என்றார். பக்கத்தில் படுத்திருந்த தென்காசி வக்கீல் நண்பர், "தூக்குக் கைதிக்கு 2014 வரை அந்த அரை மணிகூடக் கிடையாதுப்பா" என்றார்.

உச்ச நீதிமன்றம் தூக்கை உறுதி செய்தபின் போடும் சீராய்வு மனுவை, நீதிபதிகள் தங்கள் அறையிலேயே படித்து முடிப்பார்கள். வக்கீல் வாய் திறக்க முடியாது. 2014 செப்டம்பரில் அரசியல் சாசன பெஞ்ச் அதை மாற்றியது: மூன்று நீதிபதிகள், திறந்த கோர்ட், அதிகபட்சம் அரை மணி வாதம்.

கடலூர் மாவட்டத்தில் 2009-ல் ஏழு வயசுப் பையனைக் கடத்திக் கொன்றவனின் சீராய்வு மனு 2013-ல் தள்ளுபடி. புது விதியால் மறுபடி கேட்டார்கள். குற்றம் உறுதிதான், ஆனால் தண்டனையைக் குறைக்கக்கூடிய விஷயங்களை எந்தக் கட்டத்திலும் பார்க்கவில்லை என்று, 2023 மார்ச்சில் தூக்கை, குறைந்தது இருபது வருஷம் தண்டனைக் குறைப்பு இல்லாத ஆயுள் தண்டனையாக மாற்றினார்கள்.

"பையனோட அம்மாவுக்கு?" என்றேன்.

"அதுக்கு எந்தக் கோர்ட்லயும் சீராய்வு இல்லப்பா."