கண்ட கூடும் காணாத கூடும்

ஆர்க்டிக் பிரதேசத்துப் பறவைகளின் இனவிருத்தியைப் பற்றி எழுதுவோர், கண்ட கூடுகள் இத்தனை, அவற்றுள் குஞ்சு பொரித்தவை இத்தனை என்று கூறி, அவ்விரண்டின் விகிதத்தையே வெற்றி விகிதமாகக் கொண்டு கட்டுரையை முடித்துவிடும் வழக்கம் இன்னும் முற்றும் ஒழிந்தபாடில்லை. அந்த விகிதம் எத்தகைய ஆண்டுக்குரியது, கூடுகள் அடைகாப்பின் எந்த நாளில் கண்டெடுக்கப்பட்டவை என்னும் இரண்டு வினாக்களுக்கும் விடை இல்லாதவரையில், அது எத்துணைப் பிரயாசையில் விளைந்ததாயினும், வேறோர் இடத்து எண்ணோடு ஒப்பிடத் தகுதியற்றது என்பதே எமது திடமான அபிப்பிராயம்.

சைபீரியாவின் தைமிர் தீபகற்பத்தில் லெம்மிங் என்னும் சிறு கொறிவிலங்கு மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை அபரிமிதமாகப் பெருகிப் பின் திடீரென அருகிவிடும். அது பெருகிய கோடையில் ஆர்க்டிக் நரிக்கு அதுவே போதிய ஆகாரமாவதோடு, பனி ஆந்தைகளும் திரளாகக் கூடமைத்து நரியைத் தம் எல்லைக்குள் அணுகவொட்டாமல் விரட்டுவதால், அவற்றின் அயலில் முட்டையிடும் பிரெண்ட் வாத்துகள் நிர்ப்பயமாக அடைகாக்கின்றன. லெம்மிங் அருகிய கோடையிலோ, பசித்த நரி வாத்துகளின் கூடுகளையும் உள்ளான்களின் கூடுகளையும் தேடியலைந்து சூறையாடுகிறது. ஆகவே, ஒரே கோடையில் எடுத்த கணக்கு பறவையின் திறமையைக் காட்டிலும் நரியின் பசியையே அதிகமாகக் கூறுகிறது.

இதனினும் கடுமையான படிப்பினையை வடகிழக்குக் கிரீன்லாந்தின் ஸாக்கன்பர்க் 2018-ஆம் ஆண்டில் நமக்கு அளித்தது. அங்கே அளவுக்கு மிஞ்சிப் பெய்த பனி கோடையிலும் நெடுநாள் உருகாது கிடந்தமையால், தாவரங்களும் பிராணிகளும் பெரும்பாலும் அவ்வாண்டு இனவிருத்தி செய்ய இயலாமற்போயின. கட்டப்படாத கூட்டுக்கு வெற்றியுமில்லை, தோல்வியுமில்லை. எனவே கூடுகளை மாத்திரமே எண்ணுவோர் ஏட்டில் அத்தகைய பேரிழப்பு ஒரு வரியாகவும் ஏறாது.

கூடு கண்ட நாளைப் பற்றிய இரண்டாவது வினாவுக்குரிய பரிகாரத்தைப் பறவையியல் அறிஞர் ஹெரால்டு மேஃபீல்டு 1961-லேயே வகுத்துத் தந்துள்ளார். நாளொன்றுக்கு நூற்றுக்கு 4 கூடுகள் வீதம் அழியுமாயின், 20 நாள் அடைகாப்பின் முடிவில் எஞ்சுபவை சுமார் 44. அதே கூடுகளைப் பத்தாம் நாளில் முதன்முதலாகக் காண்பவர்க்கோ, கண்டவற்றுள் நூற்றுக்கு 66 பிழைத்ததாகத் தோன்றும். முன்னரே அழிந்த கூடுகள் அவர் கண்ணிற் படாமையே இதற்குக் காரணம். கூடு கண்காணிப்பில் இருந்த நாட்களைக் கூட்டி, தினசரிப் பிழைப்பு வீதத்தைக் கணிப்பதொன்றே இப்பிழையினின்று மீளும் மார்க்கம்.

கரைப்பறவைகளின் கூடுகள் ஆர்க்டிக்கில் முன்னெப்போதையும்விட மிகுதியாகச் சூறையாடப்படுகின்றன என்று 2018-இல் வெளியான ஆய்வொன்று கூறியது. பழைய கட்டுரைகளில் கண்காணிப்பு நாட்கள் குறிக்கப்படாததால் அனுமானத்தால் அவற்றை நிரப்பியதே அவ்வேற்றத்துக்குக் காரணமாகலாம் என்று வேறு அறிஞர்கள் மறு ஆண்டில் மறுத்துரைத்தனர். முன்னோர் தம் குறிப்பேட்டில் எழுதாமல் விட்ட ஒரு தேதியே இன்றைய அறிஞரிடையே தீராத விவகாரமாக நிற்கிறது.

இது தூந்திரத்திற்குச் செல்வோர்க்கு மட்டும் உரிய விஷயமன்று. தைமிரில் பெட்டை மாத்திரமே அடைகாத்து வளர்க்கும் கர்லூ உள்ளான், குளிர்காலத்தில் கோடியக்கரைக்கு வருகிறது. வந்த கூட்டத்தில் இளம்பறவைகளின் பங்கைக் கணிப்போர், சென்ற கோடையின் விளைவையே கணிக்கின்றனர். முதிர்ந்தவை முன்னும் இளையவை பின்னுமாக வருவதால், எண்ணிய தேதியைக் குறியாத கணக்கு இங்கும் பயன்படாது.

ஆதலால், கட்டுரை அனுப்பும் அன்பர்கள் ஒவ்வொரு கூட்டையும் கண்ட தேதி, முட்டையை நீரிலிட்டு மிதப்புப் பார்த்துக் கணித்த அடைகாப்பு நாள், மறுபடி சென்று பார்த்த தேதிகள், கூட்டின் கதி, அவ்வாண்டில் பனி உருகிய நாள், லெம்மிங்கின் மிகுதி குறைவு ஆகியவற்றைக் கிரமமாக அட்டவணைப்படுத்தி இணைக்குமாறு வேண்டுகிறோம். கூடே காணாத கோடையைப் பற்றிய அறிக்கையையும், வெற்றி கண்ட கோடையின் அறிக்கைக்கு நிகராக மதித்து, இவ்விதழ் வெளியிடும்.